உப்புக் காற்றும் ஒரு சோடி ரயரும்

மோட்டார் சைக்கிள் ரயரைத் தெரிவு செய்வது பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஓடும் வாகனத்தைத் தரையோடு தொடுத்து வைத்திருப்பவை, முன்னொன்றும் பின்னொன்றுமாக, ஏறத்தாழ உள்ளங்கை அளவான இரண்டு இறப்பர்த் துண்டுகள் மட்டுமே. அதிலும் இரு மருங்கும் கடல் கிடக்கும் பண்ணைத் தாம்போதியில், வாடைக்காற்று மழையை வலப்பக்கமிருந்து வாரியடிக்கும் காலைப் பொழுதில், அந்த இரண்டு துண்டுகளும் எத்தகையவை என்பது சிறிய விடயமன்று.

என் தங்கையின் மகன் புங்குடுதீவிலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரியர். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடமாற்றம் கிடைத்ததிலிருந்து நாளாந்தம் யாழ்ப்பாண நகரத்திலிருந்து போய் வருகிறார். அவருடைய மனைவிக்கு வேலணையில் அரச உத்தியோகம். காலையில் இருவருமாகப் புறப்படுவார்கள். வேலணையில் மனைவியை இறக்கிவிட்டு இவர் தனியே அப்பால் செல்வார். பிற்பகல் மீண்டும் அதே வழி. சென்ற கார்த்திகை மழையில், பண்ணையைத் தாண்டும்போது குறுக்கே வந்த மாடொன்றுக்காகப் பிறேக் பிடித்திருக்கிறார். பின் சில்லு ஒரு பக்கமாக வழுக்கிப் போய், எப்படியோ நிமிர்ந்து நின்றிருக்கிறது. அவர் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவி சொல்லிவிட்டார். அவருக்கு அப்போது நான்காம் மாதம்.

தங்கை என்னிடம் வந்து, "அண்ணை, அந்த மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டு ரெண்டுபேரும் பஸ்ஸில போகட்டும். நீங்கள் சொன்னால்தான் கேட்பான்" என்றாள். பஸ்ஸில் போவது பாதுகாப்பானதுதான். ஆனால், குறிகட்டுவான் பஸ்ஸின் நேரத்தையும் பாடசாலை மணியையும் பொருத்திப் பார்ப்பவர்களுக்கு அதிலுள்ள சங்கடம் தெரியும். ஆகவே நான் முதலில் சொன்னது, ரயரைப் பார்த்த பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம் என்பதே.

அவருடைய வாகனம் யமஹா பேஸர். 2008இல் இந்தியாவில் வெளிவந்த எஃப்.இசட் 16இன் உடன்பிறப்பாக அடுத்த ஆண்டு வந்தது. 153 சி.சி. இயந்திரம், முன்னால் அரை மறைப்பு, இரட்டை முகவிளக்கு, நிமிர்ந்து உட்காரக்கூடிய கைபிடி. மேலைநாடுகளில் விரைவும் நெடும்பயணமும் ஒருங்கே வேண்டுபவர்களுக்கென ஒரு தனி இனம் உண்டு. அவற்றின் பின் ரயர் பெரும்பாலும் 180/55 என்ற அளவில், மணிக்கு 240 கிலோமீற்றருக்கு மேலான வேகத்துக்கெனச் செய்யப்பட்டிருக்கும். அந்த இனத்தின் சாயலை ஏழைக்கேற்ற அளவில் எமக்குத் தந்தது பேஸர் எனலாம். முன் ரயர் 100/80-17. பின் ரயர் 140/60 ஆர் 17. அந்த 'ஆர்' என்ற எழுத்து, ரயரின் உடலிலுள்ள நூலிழைகள் குறுக்கே நேராக ஓடுகின்றன என்பதைக் குறிக்கும். ரேடியல் என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். பின் ரயரில் 63 பி என்றும் முன் ரயரில் 52 பி என்றும் பொறித்திருக்கும். 63 என்றால் 272 கிலோ, 52 என்றால் 200 கிலோ தாங்கும். பி என்பது மணிக்கு 150 கிலோமீற்றர் வேக எல்லை. தீவகத்தில் அந்த வேகத்தைத் தொடுபவருக்கு ரயரைவிட வேறு பல விடயங்கள் தேவைப்படும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

இந்த வீதியின் இயல்பை அறியாமல் ரயரைப் பற்றிப் பேச முடியாது. நகரத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பண்ணைத் தாம்போதியைக் கடந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, வங்களாவடி, பிறகு மீண்டும் கடலைக் கிழித்துச் செல்லும் தாம்போதியும் வாணர் பாலமும், அப்பால் புங்குடுதீவு. வழி நெடுக வளைவென்று சொல்லத்தக்கவை சிலவே. மலைநாட்டில் ஓடும் மோட்டார் சைக்கிளின் ரயர் ஓரங்களும் சேர்ந்து தேயும். தீவகத்தில் ஓடுவது நடுப்பகுதியில் மட்டும் தேய்ந்து, முதுகு தட்டையாகிவிடும். உருண்டையாக இருக்க வேண்டியது சப்பையாகிப் போனால், சிறிது சாய்த்தாலே ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்குத் தாவுவதுபோல் இருக்கும். ஓட்டுபவர் அதை நாளுக்கு நாள் பழகிக்கொள்வதால் உணர்வதில்லை. வேறொருவர் ஓட்டிப் பார்த்தால் முதல் நூறு யார் தூரத்திலேயே சொல்லிவிடுவார்.

மண்கும்பான் பெயருக்கேற்ப மணல் பூமி. சோளகக் காலத்தில் காற்று அந்த மணலை வாரிக் காப்பெற் வீதியின்மேல் மெல்லிய படலமாகத் தூவி வைத்திருக்கும். காய்ந்த வீதிதானே என்று நம்பி ஓரத்தில் இறக்கிப் பிறேக் பிடித்தால் சில்லு தன்பாட்டில் போகும். வாடைக் காலத்திலோ மழை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில்தான் எமக்கு வேண்டிய மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது. ஒன்பது மாதங்களாக வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் கரைந்து எழும்போது வீதி சவர்க்காரம் பூசியதுபோல் இருக்கும். இவற்றோடு உப்பு. பண்ணையில் அலை உயரும் நாட்களில் வீதியில் தெறிப்பது கடல்நீரேதான். இன்னொன்று முள். உடை மரத்தின் வெண்முள்ளும் பனங்கருக்கின் சிம்பும் தீவகத்தின் ஒழுங்கைகளில் எப்போதும் கிடக்கும். வேலி வெட்டிய மறுநாள் எந்த ஒழுங்கைக்குள்ளும் போகாதிருப்பது நல்லது.

வாகனத்தை நிழலில் நிறுத்தி, குந்தியிருந்து பார்த்தேன். ரயரின் தோளில் சிறு முக்கோண அடையாளம் இருக்கும். அதற்கு நேரே பள்ளங்களின் அடியில் சிறிய மேடு தெரியும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாகிவிட்டால் ரயரின் காலம் முடிந்தது என்பது பொருள். பின் ரயர் நடுவில் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் வியப்பில்லை. நாளொன்றுக்குப் போக வர ஏறத்தாழ 60 கிலோமீற்றர், ஆண்டுக்கு 200 பாடசாலை நாட்கள், 12,000 கிலோமீற்றர்.

எனினும் தேய்வு மட்டுமே குறையாக இருக்கவில்லை. பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் ஈற்றில், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. இவருடையதில் 0918 என்றிருந்தது. 2018ஆம் ஆண்டின் ஒன்பதாம் வாரம் பிறந்த ரயர். முன் ரயரும் ஏறக்குறைய அதே வயது. முன் ரயரில் பள்ளங்கள் இன்னும் ஆழமாகவே இருந்தன. கடையில் காட்டினால் 'இது இன்னும் ரெண்டு வருசம் ஓடும்' என்பார்கள். ஆனால், நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள். இறப்பர் ஓடித் தேய்வதைப் போலவே நின்றும் கெடும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதைக் கெட்டியாக்கிக்கொண்டே இருக்கும். 2020இல் ஊரடங்கிலும், 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களிலும் இந்த வாகனம் முற்றத்தில் ஒரே இடத்தில் நின்றது. அந்தக் காலத்தில் ஓடாததால் ரயர் மிச்சமாயிற்று என்றுதான் மருமகன் எண்ணியிருந்தார். கெட்டியான இறப்பர் ஈர வீதியைப் பற்றாது. பள்ளம் ஆழமாக இருந்து நீரை வெளியேற்றினாலும், தரையைத் தொடும் தோல் மென்மையாக இராவிட்டால் பிடிமானம் இல்லை. பண்ணையில் நடந்ததற்கு மாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். ஆசியாவில் இறப்பர் மரம் முதன்முதல் வேரூன்றிய இடங்களில் ஒன்று எமது நாடு. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் ரயர்த் தொழிற்சாலை எழுந்தது. பாரம் தூக்கும் வண்டிகளுக்கான திண்ம ரயர்களை உலகுக்கு விற்பவர்களில் நாம் முன்வரிசையில் இருக்கிறோம். அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்தவனுக்கு ரயர் என்பது பல காலம் பொன்போன்ற பொருளாகவே இருந்திருக்கிறது. 1990 முதல் 1995 வரை பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பெற்றோலைத் துளி துளியாக விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. ரயரில் நூல் தெரிந்த பிறகும் ஓடினோம். வெடித்த இடத்துக்கு உள்ளே பழைய ரயரின் துண்டொன்றை வைத்து மூடி மேலும் ஆறு மாதம் ஓடினோம். செய்திக்காகக் கிளாலி ஏரியைக் கடந்தபோது படகில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிச் சென்றவர்களில் நானும் ஒருவன். அந்த ஆண்டுகளில் தீவகம் எமக்கு மூடப்பட்டிருந்தது. 1990 ஓகஸ்டின் பின்னர் பண்ணைக்கு அப்பால் இராணுவம். ஆகவே இந்த வீதியில் நூல் தெரியும் ரயரோடு ஓடிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

அந்தக் காலத்துப் பழக்கம் எம்மிடம் ஒரு மனப்பாங்கை விட்டுச் சென்றிருக்கிறது. தேயுமட்டும் தேயட்டும், ஒட்டுப் போடுமட்டும் போடுவோம் என்பது. இல்லாத காலத்தில் அது திறமை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ரயர் இறக்குமதியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது அந்த மனப்பாங்கு மீண்டும் தலையெடுத்தது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது அது நியாயமாகவும் தோன்றியது. இன்று கடையில் ரயர் இருக்கிறது. விலைதான், ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தைப் பார்த்து முறைக்கிறது.

ஸ்ரான்லி வீதிப் பக்கமாக இருவரும் சில கடைகள் ஏறி இறங்கினோம். மருமகனின் மனதில் முன்பே ஒன்று இருந்தது. "மாமா, பின்னுக்கு 140/70 போட்டால் நல்ல வடிவாயிருக்கும். கனபேர் இப்ப அதைத்தான் போடுகினம்" என்றார். 140 என்பது அகலம் மில்லிமீற்றரில். 60 என்பது அந்த அகலத்தின் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. 140இல் 60 வீதம் 84 மில்லிமீற்றர். 70 வீதமானால் 98. மேலும் கீழுமாகச் சில்லின் விட்டம் 28 மில்லிமீற்றர் கூடும். பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழும். திருப்பும் இயல்பு மாறும். மண்காப்புக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள வெளி குறையும். வடிவு கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. "தம்பி, வடிவு நிக்கிற வாகனத்துக்கு. இது ஓடுற வாகனம்" என்றேன். அவர் சிரித்தாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு நான் உயரக் கணக்கை அவருடைய பாடப் பாணியிலேயே கடைச் சிட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்து, கட்டை கட்டையாகப் பூவெட்டிய ரயர். நெடுந்தீவுக்கு இதுதான் சரி என்றார் இன்னொரு கடைக்காரர். அவர் சொன்னதில் உண்மை உண்டு. நெடுந்தீவின் உள்வீதிகள் பலவும் பவளச் சுண்ணாம்புக்கல் துருத்திக்கொண்டிருப்பவை; வேலிகளே அந்தக் கல்லை அடுக்கியவைதாம். அங்கே நாளாந்தம் ஓடுபவருக்குக் கட்டைப் பூ நல்லது. மருமகன் நெடுந்தீவுக்குப் போவது பரீட்சைக் கடமைக்காக, ஆண்டில் சில நாட்கள். அந்தச் சில நாட்களுக்காக மற்ற நாட்களெல்லாம் ஈரக் காப்பெற் வீதியில் குறைந்த இறப்பர் தரையைத் தொட ஓடுவது புத்தியன்று. மிச்லின் ரோட், பிரெல்லி ஏஞ்சல் போன்ற வெளிநாட்டு நெடும்பயண ரயர்களில் நடுப்பகுதியைக் கடினமான இறப்பரிலும் ஓரங்களை மென்மையான இறப்பரிலும் வார்க்கிறார்கள். நேர் வீதியில் நெடுநாள் உழைக்கவும் வளைவில் பிடிக்கவும் அது வழி. அவை பெரிய வாகனங்களின் அளவுகளுக்கானவை. நாம் ஏறிய கடைகளில் அவற்றைக் காணவில்லை. கண்டிருந்தாலும் வாங்கியிருக்க முடியாது.

மூன்றாவது கடையில் சரியான அளவும், நல்ல பெயருள்ள இந்தியத் தயாரிப்பும், மற்றக் கடைகளைவிடக் குறைந்த விலையும் சேர்ந்து கிடைத்தன. மருமகன் காசை எடுக்கப் போனார். நான் சுற்றியிருந்த தாளை விலக்கி இலக்கத்தைப் பார்த்தேன். ஈற்றில் 19. கடைக்காரர், "ஐயா, இது ஓடாத ரயர். புதுசு" என்றார். ஓடாதது என்பது உண்மை. புதியது என்பது வேறு விடயம். ஏழு வயது ரயரைக் கழற்றி ஆறு வயது ரயரைப் பூட்டுவதற்கு நாம் ஏன் நகருக்கு வர வேண்டும்? அந்தக் கடையின் பெயர் இங்கே தேவையில்லை; களஞ்சியத்தில் தேங்கியதை எந்தக் கடையும் விற்கத்தான் பார்க்கும். வாங்குபவர் இலக்கத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

முடிவில் வாங்கியது, வாகனம் பிறந்தபோது வந்த அதே அளவுகளில், சென்னையில் விளையாட்டுப் பலூன் செய்வதில் 1946இல் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனத்தின் ரயர்கள். பின்னது ரேடியல். இரண்டும் 2025இல் வார்க்கப்பட்டவை. உள்நாட்டுத் தயாரிப்பை வாங்க எனக்கு விருப்பம் இருந்தது. அந்தப் பின் அளவு நாம் போன இடங்களில் கிடைக்கவில்லை. முன் ரயரை அடுத்த சம்பளத்துக்கு விடலாம் என்றார் மருமகன். மழையில் வாகனத்தை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சில்லுடையது. பிறேக் பிடித்தால் பாரம் முன்னுக்குத்தான் சாயும். பின் சில்லு வழுக்கினால் நிமிர்த்தலாம், அவரே நிமிர்த்தியிருக்கிறார். முன் சில்லு வழுக்கினால் நிமிர்த்த நேரமிராது. இதைச் சொன்ன பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. மிகுதியை நான் கொடுத்தேன். அது கடனா அன்பளிப்பா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் இணக்கமில்லை.

பூட்டும்போது இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. ரியூப் இல்லாத ரயரில் காற்றை அடைத்து வைத்திருப்பது றிம்மின் விளிம்பும் ரயரின் விளிம்பும் இறுகப் பொருந்தும் அந்த ஒரு வளையம்தான். தீவகத்து உப்பு அந்த வளையத்தில் வேலை செய்திருந்தது. அலுமினிய றிம்மில் வெண்பொடி பூத்து, பூச்சு உரிந்து, சிறு குழிகள். இரண்டு நாளுக்கொரு முறை காற்றடிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் முள்ளென்றே அவர் எண்ணியிருந்தார். பூட்ட வந்த பொடியன், "உள்ளுக்கு ரியூப்பைப் போட்டு விடுவம்" என்றான். பலரும் செய்வதுதான். ஆனால், ரியூப் இருந்தால் முள் குத்தியவுடன் காற்று ஒரேயடியாகப் போகும். ரியூப் இல்லாத ரயரில் முள் குத்திய இடத்திலேயே தங்கி, காற்று மெல்லக் கசிந்து, அடுத்த சந்திவரை போக விடும். தாம்போதி நடுவில் அந்த வேறுபாடு பெரியது. ஆகவே கம்பித் தூரிகையால் வெண்பொடியை உரஞ்சி, மெல்லிய உப்புத்தாளால் மட்டமாக்கி, காற்று வாயையும் புதிதாக மாற்றிப் பூட்டச் சொன்னேன். அரை மணித்தியாலம் கூடுதலாகப் போயிற்று. சவர்க்கார நீர் விட்டுப் பார்த்தோம்; குமிழி எழவில்லை. பக்கச் சுவரிலுள்ள அம்புக்குறி சில்லு சுழலும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். முன்னர் ஒருமுறை வேறொருவருடைய வாகனத்தில் அது மாறிப் பூட்டியிருக்கக் கண்டிருக்கிறேன்.

காற்று எவ்வளவு என்பது வாகனத்திலேயே ஒட்டியிருக்கிறது. தனியே போனால் ஓரளவு, இருவர் போனால் கூடுதல். இவர் வேலணைவரை இருவராகவும் அப்பால் தனியாகவும் போவதால் இருவருக்குரிய அளவையே வைக்கச் சொன்னேன். காலையில், சில்லு குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெயிலில் ஓடி வந்து பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்து விடுபவர்கள் எம்மிடையே நிறைய. புதிய ரயரின் மேல், அச்சிலிருந்து கழற்றும்போது ஒட்டாமலிருக்கப் பூசிய வழுவழுப்பு இருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீற்றரளவு அதட்டிப் பிறேக் பிடிக்காமல், சாய்க்காமல் ஓட வேண்டும். முதல் மூன்று நாளும் மனைவி பஸ்ஸில் போனார். அது தங்கையின் ஏற்பாடு.

தை மாதத்தில் பரீட்சைக் கடமைக்காக அவர் நெடுந்தீவு போனபோது நானும் கூடச் சென்றேன். நயினாதீவுக்குப் போவதானால் மோட்டார் சைக்கிளைக் குறிகட்டுவானிலேயே விட்டுவிடலாம். கால்மணி நேரப் படகு, இறங்கினால் அம்மன் கோயில். நெடுந்தீவு அப்படியன்று. ஒரு மணித்தியாலக் கடல். இறங்கிய பின்னும் நடந்து தீராத தீவு. குமுதினிப் படகின் பெயர் சொன்னால் 1985 மே 15 நினைவுக்கு வராத தீவகத்தவர் இல்லை. அதைப் பற்றி வேறிடத்தில் எழுதியிருக்கிறேன். வாகனத்தை நால்வர் தூக்கிப் படகில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். அன்று காற்று இருந்தது. வழி முழுதும் உப்புநீர் தெறித்தது. இறங்கியதும் முதல் வேலையாகப் பாடசாலைக் கிணற்றடியில் இரண்டு வாளி நன்னீரால் சில்லுகளைக் கழுவினார். நான் சொல்லவில்லை. தானாகவே செய்தார். உள்வீதியில் கல்லுக்குக் கல் மெதுவாகப் போய் வந்தோம். பெருக்கு மரம்வரை போயும் ரயரில் கீறல் ஒன்றும் விழவில்லை.

கழற்றிய பழைய ரயர்கள் இரண்டும் தங்கை வீட்டு வேலியோரம் கிடந்தன. மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வரும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். குறிகட்டுவானில் படகுக்காரர் ஒருவர், துறையில் மோதாமல் படகின் பக்கத்தில் கட்டுவதற்கு ரயர் இருந்தால் தரும்படி கேட்டிருந்தார். மறுவாரம் மருமகன் கொண்டுபோய்க் கொடுத்தார். பின் ரயரை மட்டும் எடுத்துக்கொண்டாராம். முன் ரயர் மெலிது, உதவாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.